என்னைப் பார்த்து நின்ற விமானம்

என் செல்ல வாலுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். போன் இருக்க இந்த மனுஷனுக்கு எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே நீ "சரிப்பா, அம்மாகிட்ட குடுங்க" என்பாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

ரிமோட்டில் பறக்கவிடும் என் புது விமானம் முடியப் போகிறது. இறக்கை மட்டும் ஆறடி, பெட்ரோல் இன்ஜின். வாசலில் கிளப்பிப் பார்த்தேன். அடுத்த வீட்டுக்காரர் ஓடி வந்து, மரம் அறுக்கிறீர்களா என்று கேட்டார். தையல் மெஷின் ரிப்பேர் பார்த்த கைக்கு இதெல்லாம் ஜுஜுபி என்று அம்மாவிடம் அளந்தேன். அவள், "அளந்தது போதும், என் இஸ்திரிப் பெட்டியைக் குடுங்க" என்றாள். இறக்கைக்கு மேலுறை ஒட்டுவது அதில்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை, விமானத்தை மேஜைமேல் என் முகத்தைப் பார்க்க வைத்து, ரிமோட் குச்சியை வலப்பக்கம் தள்ளினேன். இறக்கையின் பின் ஓரத்தில் இருக்குமே மடல், அதில் என் வலக்கைப் பக்கத்து மடல் மேலே எழுந்தது. எந்தப் பக்கத்து மடல் எழுகிறதோ அந்தப் பக்கம்தான் விமானம் சாயும், உனக்கே தெரியும். சரியாக இருக்கிறது என்று டிக் போட்டேன். விமானத்துக்குப் பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா, "இங்கேருந்து பாத்தா இடது பக்கம்ல தூக்குது" என்றாள். உனக்கு என்ன தெரியும் என்று எரிந்து விழுந்தேன். பிறகு எழுந்து அவள் நின்ற இடத்தில் போய் நின்றேன். அவள் சொன்னதுதான் சரி. என்னைப் பார்த்து நிற்கும் விமானத்துக்கு என் வலது, இடது.

அப்போதுதான் உறைத்தது. பழைய விமானத்தையும் நான் இப்படி எதிரே உட்கார்ந்துதான் சோதித்தேன், மகளே.

பரணிலிருந்து அந்த உடைந்த இறக்கையை இறக்கி, பேட்டரி போட்டு, பழைய ரிமோட்டை வலப்பக்கம் தள்ளினேன். இடது மடல் எழுந்தது. நம்பாமல் பத்துத் தடவை தள்ளினேன். பத்துத் தடவையும் அதேதான்.

நாலு வருஷத்துக்கு முன் மைதானத்தில் அது தரையை விட்டு எழும்பியதும் லேசாக இடப்பக்கம் சாய்ந்தது. ரிமோட்டைக் கையில் வைத்திருந்த நீ நிமிர்த்தப் பார்த்தாய். இன்னும் சாய்ந்து மூக்குக் குத்தி விழுந்தது. "வலது பக்கம்தான்பா தள்ளினேன்" என்று அழுதாய். நானோ அத்தனை பேர் முன்னால், "பயந்து மாத்தித் தள்ளிட்டா, இவ கையில குடுத்தது என் தப்பு" என்றேன்.

அதோடு நீ ரிமோட்டைத் தொடவில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொள் என்றால்கூட, "அவசரத்துல மாத்தித் திருப்பிடுவேன், என் கையை நம்ப முடியாது" என்கிறாயாம். போன மாதம் மாப்பிள்ளை சொன்னதாக அம்மா சொன்னபோது நான் சிரித்தேன்.

ஞாயிறன்று மைதானத்துக்குப் போய், அன்றைக்கு இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டு, தப்பு என்னுடையது, என் மகளுடையது இல்லை என்று சொன்னேன். அங்கே எங்களோடு விமானம் விடும் பல் டாக்டர், "இத்தனை நாளா இதைப் பாக்கலையா நீங்க?" என்றார். பார்க்கவில்லை என்றேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. சுற்றி வளைக்கத் தெரியாது. என்னை மன்னித்துவிடு.

புது விமானத்தைத் தான் ஓட்டித் தருவதாகப் பல் டாக்டர் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். நீ வந்தால் பறக்கட்டும். வராவிட்டால் மேஜைமேலேயே இருக்கட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, காரில் ஸ்டீயரிங் முன்னால் நீ உட்கார வேண்டும். அப்பாவுக்காக இல்லை, உனக்காக.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். உன் கை அன்றைக்கும் சரியாகத்தான் இருந்தது, தங்கம்.

உன் அப்பா