உன் ஸ்கோப்பில் நான் பன்றி

இன்று காலை உன் மகன் தன் போனை என்னிடம் நீட்டினான். திரை நிறையத் துப்பாக்கி ஸ்கோப்புகள், தூரத்துக் குறியைப் பக்கத்தில் காட்டும் கண்ணாடிக் குழாய்கள். இருப்பதிலேயே நீளமானதை அவன் தொட்டுக் காட்டியபோது, செத்துப்போன உன் மூஞ்சி அப்படியே அவன் மூஞ்சியில் வந்து உட்கார்ந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஊருக்கு நீ பட்டாளத்துக்காரன். சர்வீஸ் முழுக்க ஸ்டோரில் அரிசி அளந்தவன் என்பது எனக்கு மட்டும் தெரியும். வடகரைக்குத் திரும்பியதும் பயிர்க்காவலுக்கென்று லைசென்ஸும் துப்பாக்கியும் வாங்கினாய். வயலில் இறங்கினால் காலில் சகதி ஒட்டும், பன்றி திரும்பிப் பாயும். ஆகவே மாடியில் நாற்காலி போட்டு, தூரத்திலிருந்தே சுட உனக்கு ஒரு ஸ்கோப் தேவைப்பட்டது.

சென்னைக் கடைக்கு என்னையும் இழுத்துப் போனாய். "இவ்வளவு பவர் வேண்டாம் சார். பார்க்கிற இடம் சுருங்கிடும், பொழுது சாஞ்சா இருட்டடிக்கும்" என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். நீ கேட்டது ஒன்றுதான்: "உள்ளதுலயே பெருசு எது?" கல்யாணத்துக்கு வாழைத்தார் வாங்குகிறவன் போல வாங்கி வந்தாய். பவரைக் குறைக்க அதில் ஒரு வளையம் இருந்தது. அதை நீ திருப்பியதே இல்லை.

தேர்தல் வந்தது. எல்லாரையும் போல நீயும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தாய். திரும்ப வாங்கியபோது ஸ்கோப் ஆடிக்கொண்டிருந்தது. திருகை முடுக்கினாய், அவ்வளவுதான். "குறி சரியா இருக்கான்னு ஒரு அட்டைய நட்டுச் சுட்டுப் பாருலே" என்றேன். "எனக்கேவா சொல்லித் தார?" என்றாய்.

குற்றாலத்துச் சாரல் எங்கள் வயல்வரை அடித்த ஓர் அந்தியில், கறுப்பு பாலிதீன் தாளைப் போர்த்திக்கொண்டு மடை அடைக்கக் குனிந்தேன். வெடிச் சத்தம். என் தலைக்கு ஒரு முழம் தள்ளித் தென்னை மட்டை தெறித்தது. நான் போட்ட கூச்சலில் ஓடி வந்தாய். மன்னிப்பா கேட்டாய்? "ஸ்கோப்புல பன்னியாத்தாம்லே தெரிஞ்ச" என்றாய். கண்ணாடி முழுக்க ஒரு கறுப்பு முதுகு. பக்கத்தில் மண்வெட்டி கிடப்பதைப் பார்க்க அதில் இடமில்லை. மறுநாள் டீக்கடையில், பன்றியை விரட்ட வானத்தைப் பார்த்துச் சுட்டதாக அளந்தாய். தூ.

"சித்தப்பா, இதையே ஆர்டர் போடட்டுமா? எங்கப்பா குறி தப்பவே தப்பாதுன்னு ஊர்ல சொல்லுதாவ" என்றான் உன் மகன். அதே மாடி, அதே நாற்காலி. மடைக்கு இப்போது நானும் என் மகளும் மாறி மாறிப் போகிறோம். இனி உன் பெருமையைக் காப்பாற்ற என்னால் முடியாது.

"உங்கப்பன் குறி தப்பாம இருந்திருந்தா, நான் இங்கன நின்னு உங்கிட்ட பேசிக்கிட்டு இருக்க மாட்டேன்லே."

எல்லாவற்றையும் சொன்னேன். போனைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

சாயங்காலம் மடைக்குப் போனேன். அந்த வெடிக்குப் பிறகு உன் மாடியைப் பார்த்து "நான்தாம்லே" என்று கத்தாமல் நான் குனிந்ததில்லை. நீயும் மேலிருந்து "தெரியுதுலே" என்பாய். இன்றும் கத்தினேன். நீ போன பிறகும் விடாமல் கத்துகிறேன். கத்திவிட்டு, நாசமாய்ப் போனவனே, குனியாமல் கொஞ்ச நேரம் நிற்கிறேன்.