பத்தாவது பெயர்

ஹாலிஃபாக்ஸ்
30 டிசம்பர் 2017

அன்புள்ள பட்டியல்காரி தெல்மா அம்மணிக்கு,

நான் நலம். கிரிம்ஸ்பியின் மீன் நாற்றத்தோடு நீங்களும் நலம் என்று நம்புகிறேன்.

வரும் வருடம் சாகப்போகும் பத்துப் பிரபலங்களின் பெயரை நாளை மாலைக்குள் ஊகித்து நம் 'அடுத்தது யார்?' இணையப் போட்டிக் குழுவுக்கு அனுப்பியாக வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினாலும் நீங்கள் ஏற்கமாட்டீர்கள். ஒன்பது வருடமாக உங்களிடம் பேச்சு வாங்கியவன் என்பதால் முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுப்புகிறேன்.

முதல் பெயர், வழக்கம்போல, சிரிப்பு நடிகர் பெர்சி லாம்ப்டன். வயது தொண்ணூற்று நான்கு. நான்கு வருடமாக அவரை நம்பி ஏமாந்து நிற்கிறேன். போன வாரம் தொலைக்காட்சியில் ஆடிக்கொண்டிருந்தார், கொஞ்சமும் வெட்கமில்லாமல். அடுத்த எட்டுப் பேர் இணைப்பில் இருக்கிறார்கள்.

பத்தாவது: நெவில் கார்சைட். அறுபத்தேழு வயது. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்.

பக்கத்து வீட்டு சக்டன் மறுபடியும் தன் குப்பையை என் தொட்டியில் போட்டுவிட்டார். கேட்டால், "உங்க தொட்டி எப்பவும் பாதி காலியாத்தானே கிடக்குது நெவில்?" என்கிறார். என் மனைவி டோரீன் போனபிறகு ஒற்றை ஆள் தின்று எவ்வளவு குப்பை சேரும், நீங்களே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெவில்

கிரிம்ஸ்பி
31 டிசம்பர் 2017

அன்புள்ள நெவில்,

பட்டியல் நிராகரிக்கப்படுகிறது.

காரணம், விதி நான்கு. பட்டியலில் வருபவர் ஊரறிந்தவராக இருக்க வேண்டும். அவர் செத்ததை இரண்டு பத்திரிகைகளாவது எழுத வேண்டும். ஒரே பத்திரிகை எழுதினால் அவர் சாகவில்லை என்றே பொருள். இந்த விதிக்காக நீங்களே அந்த வானிலை அறிவிப்பாளர் விஷயத்தில் என்னோடு மூன்று நாள் மல்லுக்கட்டினீர்கள்.

வேடிக்கைதான் என்றால் சிரிக்கத் தயார். ஆனால் ஒன்பது வருடமாக உங்கள் வேடிக்கை எனக்குப் பழக்கம். ஒருவர் செத்த செய்தி வந்தால் நம் குழுவில் யாரும் 'ஆன்மா சாந்தியடைக' என்று எழுதக் கூடாது, செய்தி கேட்டபோது என்ன தின்றுகொண்டிருந்தோம் என்பதைத்தான் எழுத வேண்டும் என்று வழக்கம் உண்டாக்கியதே நீங்கள்தான். அந்த ஓபரா பாடகி போன அன்று, "பன்றிக்கறி அடைச்ச 'பை' பலகாரம். ஓரம் காய்ஞ்சு போச்சு. பாடகியை விட அதுக்குத்தான் வருத்தம்" என்று எழுதினீர்கள். சமையற்கூடத்தில் நான் சிரித்த சிரிப்பில் பள்ளிப் பிள்ளைகளின் குழம்பு அடிப்பிடித்தது.

இந்தப் பத்தாவது பெயர் அந்த வகையில் சேரவில்லை. என்ன விஷயம்?

தெல்மா ஆக்டன்

ஹாலிஃபாக்ஸ்
3 ஜனவரி 2018

அன்புள்ள தெல்மா,

ஊரறியாதவன் என்று சொல்லிவிட்டீர்கள். 1986இல் முப்பத்தொன்றாம் எண் பேருந்தை ஒரு பேக்கரிக்குள் ஓட்டிச் சென்றவன் நான். 'ஓட்டுநருக்குக் காயமில்லை, நாற்பது பை பலகாரங்கள் நாசம்' என்று படத்தோடு போட்டார்கள். அதுவும் இரண்டு பத்திரிகைகளில். விதி நான்கு நிறைவேறுகிறதா இல்லையா?

சரி, கேட்டதால் சொல்கிறேன். இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லையாம். லீட்ஸில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். செய்யாவிட்டால் ஒரு வருடம் தாங்குவது சந்தேகம் என்கிறார் மருத்துவர். செய்தால் பத்தில் எட்டுப் பேர் பிழைக்கிறார்கள். பெர்சி லாம்ப்டனை நான்கு வருடம் நம்பியவனுக்குக் கணக்கில் அவ்வளவு பிடிப்பில்லை.

சம்மதப் படிவம் அக்டோபரிலிருந்து மேசை இழுப்பறையில் கிடக்கிறது. எல்லாம் நிரப்பிவிட்டேன், ஒரு கட்டம் மட்டும் பாக்கி. 'அவசரத்தில் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும்?' அதில் எழுத எனக்கு ஒரு பெயரும் அகப்படவில்லை. சக்டன் பெயரை எழுதலாமா என்று ஒரு நாள் யோசித்தேன். அப்புறம் படிவத்தை மூடி வைத்துவிட்டேன்.

அனுதாபம் வேண்டாம். பட்டியலை ஏற்றுக்கொண்டால் போதும்.

நெவில்

கிரிம்ஸ்பி
4 ஜனவரி 2018

அன்புள்ள நெவில்,

பேக்கரியை முன்னிட்டு பட்டியல் ஏற்கப்படுகிறது. ஆனால் புதிதாக ஒரு விதி சேர்த்திருக்கிறேன். தன் பெயரைத் தானே பட்டியலில் போட்டவர் வருடக் கடைசியில் உயிரோடு இருந்தால், மற்ற ஒன்பது பேரால் வந்த மதிப்பெண்ணும் பூஜ்யமாகும். நான் பட்டியல்காரி. இதில் மேல்முறையீடு இல்லை.

கட்டத்தில் எழுத வேண்டிய பெயர்: தெல்மா ஆக்டன். தொலைபேசி எண் கீழே. பேனா எடுத்து எழுதுங்கள், இப்போதே. நாளைக்கு என்று தள்ளினால் நான் நேரில் வந்து உங்கள் இழுப்பறையைத் திறப்பேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் செத்தால் நான் என்ன தின்றுகொண்டிருந்தேன் என்று எழுதமாட்டேன். அன்றைக்கு எனக்குத் தொண்டையில் எதுவும் இறங்காது. நீங்கள் உண்டாக்கிய வழக்கத்தை உங்கள் விஷயத்திலேயே நான் மீறும்படி வைக்காதீர்கள்.

தெல்மா

லீட்ஸ்
11 மார்ச் 2018

அன்புள்ள தெல்மா,

நாளைக் காலை எட்டு மணிக்கு அறுவை சிகிச்சை. படுக்கையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பதிவு மேசைப் பெண் படிவத்தைப் பார்த்துவிட்டு, "உறவுன்னு கேட்ட இடத்துல 'பட்டியல்காரி'ன்னு போட்டிருக்கீங்களே, அப்படின்னா?" என்றாள்.

"நான் எப்ப சாவேன்னு கவனிச்சுக்கிறவங்க" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, அதை அடித்து 'தோழி' என்று எழுதினாள். நான் மறுக்கவில்லை.

பெர்சி லாம்ப்டன் போன வாரம் கண்ணை மூடினார் என்று பார்த்தேன். ஒருவழியாக! அவரோடு சேர்த்து என் ஒன்பதில் இருவர் போயாயிற்று, நான்தான் முதலிடம். இந்த நேரத்தில் பிழைத்து வைத்தால் எல்லாம் போய்விடும். என்ன விதி போட்டீர்கள் அம்மணி!

பயமாக இருக்கிறது. குழுவில் சொல்லாதீர்கள்.

நெவில்

கிரிம்ஸ்பி
24 மார்ச் 2018

அன்புள்ள நெவில்,

இது என் மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை.

பன்னிரண்டாம் தேதி மாலை செவிலி கூப்பிட்டு, "நல்லா இருக்கார். முழிச்சதும் டீ கேட்டு முரண்டு பண்ணினார்" என்றாள். பதினேழாம் தேதி மறுபடி கூப்பிட்டு, "நெஞ்சுல தொற்று. திரும்ப தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோயிருக்கோம். இப்போதைக்குச் சொல்ல ஒண்ணுமில்லம்மா" என்றாள். அதற்குப் பிறகு தினமும் நான்தான் கூப்பிடுகிறேன், தினமும் அதே பதில்.

காலையில் எழுந்ததும் உங்கள் ஊர்ப் பத்திரிகையின் மரண அறிவிப்புப் பக்கத்தைத் திறக்கிறேன். அப்படிப்பட்ட பக்கங்களை இத்தனை வருடமாகப் பெயர் தேடித்தான் படித்திருக்கிறேன். இப்போது பெயர் இல்லை என்று தெரிந்தபிறகே கெட்டிலை அடுப்பில் வைக்கிறேன்.

குழுவில் யாரோ உங்களுக்கு மெழுகுவர்த்திப் படம் போட்டார். தூக்கிவிட்டேன். அடுத்து கார்டிஃப்காரர் இட்வால், "யோவ் நெவில், நீ செத்தா இங்க எவனுக்கும் ஒரு மார்க்கும் கிடையாது. அப்புறம் எதுக்கய்யா சாகறே?" என்று எழுதினார். அதை விட்டுவைத்தேன். நாற்பத்திரண்டு பேர் அதன் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை லீட்ஸுக்கு ரயில் ஏறினேன். டான்காஸ்டரில் வண்டி மாற வேண்டும். மாறாமல் எதிர்ப் பக்கம் நின்ற வண்டியில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒன்பது வருடத்தில் நாம் முதல் முறை பார்ப்பது குழாய் செருகிய கோலத்தில் வேண்டாம் என்று நீங்கள் நினைப்பீர்கள் என எனக்கு நானே சாக்குச் சொன்னேன். உண்மையில் பயம். நீங்களும் பயத்தை ஒப்புக்கொண்டீர்கள், அதனால் நானும் சொல்கிறேன்.

எழுதுங்கள். சக்டன் குப்பையைப் பற்றியாவது எழுதுங்கள்.

தெல்மா

லீட்ஸ்
3 ஏப்ரல் 2018

தெல்மா,

இங்கே கொடுத்த பட்டாணிக் குழம்பு ஒரு குற்றம். மீதி பிறகு.

நெ.

கிரிம்ஸ்பி
3 ஏப்ரல் 2018

அன்புள்ள நெவில்,

காலையில் செவிலி கூப்பிட்டு, "ஆபத்து தாண்டிட்டார்" என்றாள். நான் நம்பவில்லை. ஒரே ஆதாரம் போதாது என்பது விதி. பகல் பன்னிரண்டே காலுக்கு உங்கள் இரண்டு வரி வந்தது. இரண்டாவது ஆதாரம்.

குழுவில் இப்படி அறிவித்திருக்கிறேன்: "நெவில் கார்சைட் உயிரோடிருக்கிறார். செய்தி வந்தபோது நான் தின்றுகொண்டிருந்தது பீன்ஸ் போட்ட டோஸ்ட். அழுது முடிப்பதற்குள் ஆறிவிட்டது. ஒரு துணுக்கு விடாமல் தின்றேன்."

தெல்மா

கிரிம்ஸ்பி
1 ஜனவரி 2019

அன்புள்ள நெவில்,

புத்தாண்டு வாழ்த்துகள். போன வருட முடிவு வெளியாகிவிட்டது.

உங்கள் ஒன்பதில் ஐந்து பேர் போய்விட்டார்கள். யாருக்கும் அவ்வளவு வாய்த்ததில்லை. பத்தாவது ஆள் மட்டும் நேற்றுச் சாயங்காலம் வரை குப்பைத் தொட்டிச் சண்டையை விவரமாக எழுதிக்கொண்டிருந்ததால், மொத்தம் பூஜ்யம். நாற்பத்துமூன்று பேரில் நாற்பத்துமூன்றாவது இடம். மனமார்ந்த பாராட்டுகள்.

கடைசி இடத்துக்கு வழக்கமான பரிசு மரக்கரண்டி. பிடியில் உங்கள் பெயரைச் செதுக்கி வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்புவதாக இல்லை.

தெல்மா

ஹாலிஃபாக்ஸ்
2 ஜனவரி 2019

அன்புள்ள தெல்மா,

புது வருடப் பட்டியல் இணைப்பில் இருக்கிறது. இரண்டு நாள் பிந்திவிட்டது, தெரியும். பத்தாவது இடம் ஒரு ஓய்வுபெற்ற மந்திரவாதிக்கு. பழைய ஆளை எடுத்துவிட்டேன், நம்பகமில்லாதவர்.

சக்டனிடம், இந்தச் சனிக்கிழமை என் தொட்டியில் எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், நான் ஊரில் இல்லை என்றேன். "எங்க கிளம்பிட்டீங்க, சட்டையெல்லாம் தேய்ச்சு?" என்று கேட்டார். "தோத்ததுக்குப் பரிசு வாங்க" என்றேன்.

மதியம் ஒன்று இருபதுக்கு கிரிம்ஸ்பி வந்து சேருவேன். மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் தின்னலாம், பட்டாணி மட்டும் வேண்டாம். நீலத் தொப்பி போட்டிருப்பேன்.

டான்காஸ்டரில் வண்டி மாற வேண்டும். மாறிவிடுவேன்.

உங்கள்,
நெவில்