குளிர் அறைக் கதவில் கட்டிய பேனை

காலையில் நம் இறால் தொழிற்சாலையின் குளிர் அறைக் கதவைத் திறக்கப் போனபோது, நீ கட்டிய பேனை கையில் தட்டியது. மீன் பிடிக்கும் தங்கூசி நூலில் தொங்கும் அதே நீலப் பேனைதான். மை முடிய முடிய உள்ளே குழாயை மட்டும் மாற்றி வருகிறேன். பக்கத்தில் கொழுவியிருந்த வெப்பநிலைத் தாளில் செவ்வாய்க்கிழமைக்கு இரண்டு கட்டங்கள் வெறுமையாகக் கிடந்தன. பத்து மணிக்குச் சான்றிதழுக்காகத் தாள்களைச் சரிபார்க்கும் ஓடிட்காரர் வருவதாக இருந்தது.

செவ்வாயன்று மின்சாரம் போய், ஜெனரேட்டரும் இயங்கவில்லை. இரண்டு மணித்தியாலத்தில் அறை மைனஸ் ஒன்பதுக்கு ஏறிவிட்டது. வெப்பமானி முள்ளை இரண்டு தடவையும் நான்தான் பார்த்தேன்; அடுத்த தடவையும் அது ஒன்பதிலேயே நின்றது. உள்ளே இருந்த இறால் பெட்டிகளை வேறாக்கிச் சிவப்பு அட்டையும் கட்டினேன். எண்ணை மட்டும் எழுதவில்லை. முதலாளி தொலைபேசியில் தடுத்துவிட்டார்.

"மைனஸ் பதினெட்டு எண்டு போடு புள்ள. சான்றிதழ் போனா வெளிநாட்டு ஓடரும் போயிரும். மறுகா இந்தப் பொம்புளையள் எல்லாரும் வீட்டதான் இருக்கணும்."

அவர் சொன்னதும் உண்மைதான். அதனால்தான் கட்டங்களை வெறுமையாகவே விட்டிருந்தேன்.

நாம் முதன்முதல் ஏற்றுமதிச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போட்ட வருடம் நினைவிருக்கிறதா? அப்போது தாள் என் மேசையில் இருந்தது. நீ குளிர் அறை வாசலில் முள்ளைப் பார்த்து "மைனஸ் பதினெட்டு கா!" என்று கத்துவாய். நான் ஓம் ஓம் என்பேன், பிறகு எழுதலாமென்று விட்டுவிடுவேன். ஓடிட்டுக்கு முதல் நாள் ஒரே இருப்பில் அந்த மாதம் முழுவதையும் நிரப்பினேன். பொங்கலுக்கு அறையைக் காலியாக்கிக் கழுவி, இயந்திரத்தையே நிறுத்தி வைத்திருந்தது என் புத்தியில் இல்லை. என் தாளில் பொங்கலன்றும் அறை நன்றாகக் குளிர்ந்துகொண்டிருந்தது.

வந்த ஓடிட்காரர் இயந்திரம் நிறுத்திய பதிவையும் பார்த்துவிட்டு அந்த இடத்தில் விரலை வைத்தார். "இதை யார் எழுதினது?"

நான் மேசையிலிருந்த கோப்புகளை அடுக்கத் தொடங்கினேன். "நான்தான்" என்றாய் நீ.

ஒரு எண்ணைக்கூட மாற்றிச் சொல்லாத நீ சொன்ன ஒரே பொய் அது. என் மகனின் ஒப்பரேஷனுக்கு நாள் குறித்திருந்த மாதம். வெளியே வந்து நான் அழுதபோது எரிந்து விழுந்தாய். "உனக்கு இப்ப வேலை வேணும் கா. எனக்கு இறால் உரிக்கவும் தெரியும்."

சான்றிதழ் தள்ளிப்போனது. உன்னை இறால் உரிக்கும் மேசைக்கு மாற்றினார்கள். போகுமுன் நீ செய்த கடைசி வேலை, தாளை வாசலுக்குக் கொண்டுவந்து இந்தப் பேனையைக் கட்டியது. "முள்ளப் பார்த்த இடத்திலயே எழுது. நாலடி நடந்தா எண் மாறிப்போகும்."

அடுத்த முறை சான்றிதழ் கிடைத்தது. ஓடர் பெருகியது, கிரான், சித்தாண்டி ஊர்களிலிருந்து ஆட்களை ஏற்றிவர பஸ் ஓடியது, பெட்டிகள் பழுதென்று திரும்பி வருவது நின்றது. முதலாளி வருகிறவர்களுக்கெல்லாம் சுவரிலிருக்கும் சான்றிதழ்ச் சட்டகத்தைக் காட்டுவார். எனக்குப் பேனைதான் கண்ணில் படும். நீயோ ஐஸ் தண்ணீரில் விரல் வெளுத்து நின்று, கடந்து போகும் என்னிடம் "பேனை எழுதுதா கா?" என்று கேட்பாய். நான் தலையை மட்டும் ஆட்டுவேன்.

போன வருடம் உன் செத்த வீட்டில் முதலாளி சொன்னார், "நல்ல புள்ள. ஒரு பிழைதான் விட்டது." அங்கேயும் நான் வாய் திறக்கவில்லை. எவ்வளவு பெரிய கோழை நான்.

இன்று வாகனச் சத்தம் கேட்டதும் உன் பேனையை எடுத்தேன். மைனஸ் ஒன்பது. மைனஸ் ஒன்பது. பிந்தி எழுதியது என்று இன்றைய திகதியும் கையெழுத்தும் போட்டேன்.

இவர் புதியவர். ஆனால் விரல் அதே மாதிரித்தான் வந்து நின்றது. "இது யார் எழுதினது?"

"நான்தான்."

முதலாளியின் முகம் கறுத்தது. அவரைப் பார்த்தே மற்றதையும் சொன்னேன். "அந்தப் பொங்கல் தாளும் நான்தான் எழுதினது ஐயா. அவ இல்ல."

இருவரும் அலுவலக அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி ஒரு மணித்தியாலமாகிறது. இறால் மேசையில் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். என்ன முடிவு வருமென்று தெரியாது. பதினொரு மணிக்கு முள்ளைப் பார்த்து எழுதினேன், பேனையை விட மனமில்லாமல் உனக்கும் எழுதுகிறேன். நூல் கட்டை கா. நின்றுகொண்டுதான் எழுத முடிகிறது.