ஏழு வாரம் ஒரு சிவப்புச் சீட்டும் இல்லை

வின்னிபெக்
மார்ச் 2, சனிக்கிழமை

அன்பு மகள் லாரிசாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே நன்றாகத்தான் இருக்கிறோம், அம்மாவின் இடது தோள் மட்டும் மக்கர் பண்ணுகிறது, பனி அள்ளாதே என்றால் கேட்பதில்லை. நீ வெலிங்டனில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பும் மனசும் சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். மார்ச் பிறந்தும் இங்கே மைனஸ் இருபத்துநாலு, ராத்திரி கார் எஞ்சின் உறைந்துபோகாமல் சூடாக இருக்கப் பிளக் மாட்ட மறந்தால் காலையில் பஸ்தான். நீ கேட்ட பெரோகிக் கொழுக்கட்டைச் செய்முறையை அம்மா தனியாக அனுப்புவாள், உருளைக்கிழங்கு சூடு ஆறுவதற்குள் சீஸைச் சேர்த்துவிட வேண்டுமாம்.

இந்தத் தடவை நான் எழுத வந்தது வேறு விஷயம், உன் தொழில் சம்பந்தப்பட்டது, கோபித்துக்கொள்ளாமல் படி. எங்கள் ஆலங்கட்டி மழைப் பயிர்க் காப்பீட்டு அலுவலகத்துக்கும் அஜைல் என்கிற வேலைமுறை வந்துவிட்டது, நீ ஊர் ஊராகப் போய்க் கற்றுக்கொடுக்கிறாயே, அதேதான். புத்தாண்டு முடிந்ததும் டெவின் என்று ஒரு கோச் வந்தான். முப்பது வயதிருக்கும், யாரைப் பார்த்தாலும் சிரிக்கிறான், அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. தினமும் ஒன்பதேகாலுக்கு எல்லோரும் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், எதில் மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்று ஒப்பிக்க வேண்டும். முட்டிவலிக்காரன் ஹெர்ப் ஃப்ரீசனும் நிற்க வேண்டும். முப்பத்தொரு வருஷமாக என் பக்கத்து மேஜையில் புரோகிராம் எழுதுகிறவன், உன் பட்டமளிப்புக்குக்கூட வந்தானே, அவன்தான். ஒவ்வொருவர் வேலைக்கும் சுவரில் ஒரு மஞ்சள் சீட்டு, மாட்டிக்கொண்டால் அதன்மேல் சிவப்புச் சீட்டு ஒட்ட வேண்டும், மற்றவர்கள் வந்து உதவுவார்களாம். முதல் நாள் சாயங்காலமே டெவின் அந்தச் சுவரைப் போனில் படம் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனதை நான் பார்த்தேன். மாடியில் யார் இருக்கிறார்கள், மேலாளர்கள்தானே. உதவி செய்வதற்கு எதற்குப் படம்?

உனக்கு நினைவிருக்காது, நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது இப்படித்தான் கோட்டும் சூட்டுமாக இரண்டு பேர் வந்து, வேலையில் என்ன சிரமம் என்று அன்பாகக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். கோடை முடிவதற்குள், சிரமம் என்று வாய் திறந்த ஒன்பது பேரும் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தார்கள். அதனால் நான் சாப்பாட்டு மேஜையில் எல்லோரிடமும் சொன்னேன், "சிவப்பு ஒட்டுறவன் தன் பேரைத் தானே எழுதிக் குடுக்கிறான். எல்லாம் நல்லாப் போகுதுன்னு சொல்லிட்டுப் போங்க" என்று. ஹெர்பிடம் தனியாகவும் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, "ஏம்ப்பா ஓரெஸ்ட், உன் பொண்டாட்டி குடுக்குற காபியையாவது நம்பிக் குடிக்கிறியா, இல்ல அதையும் மோந்து பாக்குறியா" என்றான். ஆனாலும் கேட்டுக்கொண்டான், எல்லோருமே கேட்டுக்கொண்டார்கள். ஏழு வாரம் சுவரில் ஒரு சிவப்புக்கூட இல்லை. எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

நேற்று வெள்ளிக்கிழமை, வயலுக்குப் போய்ப் பயிர்ச்சேதம் அளக்கிறவர்களை வரவழைத்து, அவரவர் செய்த வேலையைத் திரையில் ஓட்டிக் காட்டும் நாள். பாதி அழிந்த பயிரின் சேதத்தைக் கணிக்கிற பகுதி ஹெர்புடையது. ஏழு வாரமாகக் "கிட்டத்தட்ட முடிஞ்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தவன் திரையைத் திறந்தான், ஒன்றும் இல்லை. நிஜமாகவே ஒன்றும் இல்லை லாரிசா. எழுத வேண்டிய புதிய கணினி மொழி அவன் மண்டையில் ஏறவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்து வந்து புத்தகத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறான், யாரிடமும் மூச்சு விடவில்லை. எங்கள் குழுவில் இருக்கும் சின்னப் பெண்களில் யாரைக் கேட்டிருந்தாலும் நாலு நாளில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். யாரிடமும் கேட்காதே என்றேன், அவனும் கேட்கவில்லை. ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று மேலாளர் எல்லோர் முன்னாலும் கேட்டார். "தப்பு என்னோடதுதாங்க" என்று மட்டும் ஹெர்ப் சொன்னான், என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவனை வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்று திங்கட்கிழமை மத்தியானம் முடிவு செய்யப்போகிறார்கள். ஓய்வு பெற அவனுக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது.

மேலாளரும் வந்தவர்களும் போனதும் டெவின் கதவைச் சாத்திவிட்டு எங்களிடம் கேட்டான், "ஏழு வாரமா ஒருத்தர்கூட எதுலயும் மாட்டலன்னா, ஒண்ணு நீங்க எல்லாரும் மேதாவிங்க, இல்ல யாரோ உங்களைப் பயமுறுத்தி வெச்சிருக்காங்க. யாரு அது?" நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உனக்கு எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. வெளியே வரும்போது, சும்மா கேட்பதுபோல, அந்தப் படம் எதற்கு என்று கேட்டேன். பிராண்டன் ஊரில் இருந்தபடியே எங்கள் குழுவுக்கு வேலை செய்யும் இரண்டு பேருக்கு அனுப்பவாம், மாடியில்தான் வைஃபை ஒழுங்காகக் கிடைக்கிறதாம். நம்புவதா வேண்டாமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். வெலிங்டனுக்குப் போவதற்கு முன்னால் நீ கால்கரியில் நாலு மாதம் ஒரு நிறுவனத்துக்கு இதைக் கற்றுக்கொடுத்தாய். நீ கிளம்பி ஒரு மாதத்தில் அங்கே பதினாறு பேரை அனுப்பிவிட்டார்கள் என்று பேப்பரில் படித்தேன். போனில் கேட்டபோது "எனக்குத் தெரியாதுப்பா" என்று சொல்லிவிட்டு உடனே அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாய். பெற்ற பெண்ணைச் சந்தேகப்படுகிறவன் என்ன அப்பன் என்று நான் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் டெவின் சிரிக்கும்போதெல்லாம் எனக்கு உன் முகம்தான் நினைவுக்கு வந்தது. அந்தப் பதினாறு பேர் உன்னை நம்பிச் சொன்ன சிரமங்களை நீ யாரிடமாவது கொடுத்தாயா?

திங்கட்கிழமை ஒன்பதேகாலுக்கு நான் சுவருக்கு முன்னால் நின்று, ஹெர்பின் வாயை அடைத்தது நான்தான் என்று எல்லோரிடமும் சொல்லப்போகிறேன். நீ என்ன பதில் எழுதினாலும் அதை மாற்றப்போவதில்லை, அதனால் அப்பா மனசு நோகுமே என்று பார்த்து எழுதாதே, நடந்ததை எழுது. கொடுத்தேன் என்றால் திட்டுவேன், அப்புறமும் நீ என் பெண்தான். கொடுக்கவில்லை என்றால், ஹெர்பிடம் மன்னிப்புக் கேட்கிற அன்றைக்கே உன்னிடமும் கேட்க வேண்டியிருக்கிறது.

கடவுள் உன்னோடு இருக்கட்டும், நல்ல மனிதர்கள் நடுவில் நீ நீண்ட நாள் நலமாக வாழ வேண்டும். கடைவாய்ப் பல்லை டாக்டரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதே. பதிலை அம்மாவுக்கு அனுப்பாதே, எனக்கு மட்டும் அனுப்பு.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அப்பா
ஓரெஸ்ட்