டிரேடு என்றொரு கட்டம்

இன்று காலை மதுரையில் நான் ஓட்டும் விமானம் கிளம்பும் முன், இஞ்சினியர் கையெழுத்துக்காகப் பராமரிப்புப் புத்தகத்தை நீட்டினார். அவர் விரலில் இருந்த எண்ணெய் வாடை என் பேனாவில் ஒட்டிக்கொண்டது. நீ லீவில் ராஜபாளையம் வரும்போது எம்புட்டு சோப்புப் போட்டாலும் உன் நகக்கண்ணை விட்டுப் போகாத வாடை. வீட்டுக்கு வந்தும் இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். நீ போய்ச் சேர்ந்து நாற்பது நாள் ஆகிறது. இனி எழுதி என்ன ஆகப்போகிறது? ஆனாலும் எழுதுகிறேன்.

பிளஸ் டூ முடிந்த கோடை. இரண்டு பேருக்குமே ஏர்லைன்ஸ் பைலட் ஆகணும். எந்த வழியில் போவது என்பதில்தான் சண்டை. நான் மெட்ராஸில் ஒரு ஃப்ளையிங் கிளப்புக்கு எழுதிப் போட்டிருந்தேன். அங்கே கட்டணச் சலுகையில் ஒரே ஒரு இடம். மார்க் பார்த்துத் தருவார்கள். நீ ஏர்ஃபோர்ஸ் என்று ஒற்றைக்காலில் நின்றாய். உங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் மிலிட்டரி. அவர்கள் எல்லாரும், ஏர்மேன் என்றால் பறக்கிறவன்தான், கவர்மெண்டே சொல்லிக்கொடுக்கும், பிறகு ஏர்லைன்ஸுக்கு மாறிக்கொள்ளலாம் என்று அடித்துச் சொன்னார்கள். அது கிடைக்காவிட்டால் கிளப்புக்கு எழுதுவதாகச் சொன்னாய். பிசிக்ஸில் என்னைவிட உனக்குப் பதினெட்டு மார்க் அதிகம். அந்தப் பதினெட்டு என்னைத் தூங்கவிடவில்லை.

சர்டிபிகேட் நகல்களில் ஆபீசர் கையெழுத்து வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் போனோமே, நினைவிருக்கிறதா? கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து உன் ஏர்மேன் பாரத்தை நான்தான் நிரப்பினேன். எனக்கு இங்கிலீஷ் வரும் என்று உனக்கு அத்தனை நம்பிக்கை. நடுவில் 'டிரேடு' என்று ஒரு கட்டம்.

"டிரேடாம்லே. நாம என்ன பஞ்சு யாவாரமா பண்ணுதோம்? கோடு போட்டு விடு," என்று சிரித்தாய்.

நம்மூரில் டிரேடு என்றால் பஞ்சும் நூலும்தானே. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பாரத்தின் பின்பக்கத்தைப் படித்தேன். டிரேடு என்ற தலைப்பின் கீழ் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், இஞ்சின் மெக்கானிக் என்று வேலைகள் வரிசையாக இருந்தன. பறக்கிற வேலை ஒன்றுகூட இல்லை. பைலட்டுக்கு எடுப்பது வேறு தேர்வு, வேறு பாரம் என்று அங்கேயே போட்டிருந்தது. சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் அன்றைக்கே கிளப்புக்கு எழுதிப்போட்டிருப்பாய். மூடிக்கொண்டேன். அந்தக் கட்டத்தில் 'டெக்னிக்கல்' என்று எழுதினேன். நீ பால்கோவா வாங்கித் தந்தாய். அதைத் தின்னவும் செய்தேன்.

நீ செலக்‌ஷனில் தேறினாய். எனக்குச் சலுகை இடம் கிடைத்தது. ட்ரெயினிங்கில் இருந்து நீ போட்ட முதல் கடிதத்தில் நலம் விசாரிப்புகூட இல்லை. "டிரேடுன்னா என்னன்னு தெரிஞ்சிட்டுலே. ஸ்பேனர்." அவ்வளவுதான்.

எனக்கு ஏர்லைன்ஸ் வேலை கிடைத்து ஊருக்கு வந்தபோது நீயும் லீவில் இருந்தாய். பழைய பஸ் ஸ்டாண்டில் என்னை வழியனுப்ப வந்தாய். செட்டியார்பட்டி பஸ் ஒன்று கிளம்பிப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு கேட்டாய்.

"அன்னைக்கு அந்தப் பாரத்துல போட்டிருந்தது ஒனக்குத் தெரியுமாலே?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். கொஞ்சங்கூட யோசிக்கவில்லை. பாவி நான்.

நீ என் பெட்டியைத் தூக்கி பஸ்ஸுக்குள் வைத்தாய். இறங்கும்போது, "இஞ்சினியர் பாத்துட்டான்னு பிளேனுல சும்மா ஏறிராத. ஒரு சுத்து நீயும் நடந்து பாரு. டயரைத் தொட்டுப் பாரு," என்றாய். உன் முகத்தில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேனோ என்னமோ. அதற்குப் பிறகு எத்தனை லீவில் பார்த்துக்கொண்டோம், உன் கல்யாணத்தில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன், ஒருதரம்கூட அந்தப் பேச்சை நீ எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. கடைசியாக ஆஸ்பத்திரியில் உன் படுக்கையருகே இரண்டு மணி நேரம் இருந்தும் கிரிக்கெட்தான் பேசினேன்.

இன்றும் ஏறுமுன் ஒரு சுற்று நடந்தேன். டயரைத் தொட்டேன். ஒவ்வொரு தரமும் தொடுகிறேன். தொடும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டில் நீ கேட்டது காதில் விழுகிறது. யாரும் பார்க்காதபடி குனிந்து பதில் சொல்லிவிட்டுத்தான் ஏறுகிறேன்.

தெரியும்லே. தெரிஞ்சுதான் சொல்லல.