தும்பியைத் தோக்கடிச்சா வரணும்

திண்டுக்கல்
8 ஜூன் 2025, ஞாயிறு

ஏலே பிராங்கு,

நல்லா இருக்கியா? வயிறாரச் சோறு போடுறாங்களா? பேனா புடிச்சு எழுதி எம்புட்டு வருசம் ஆச்சுன்னு தெரியுமா? ரெண்டு வரி எழுதிட்டு, நீல டிக் வந்துருச்சான்னு பேப்பரைப் பாக்குறேன். சாமியாராவப் போறேன்னு போனே இல்லாத ஊர்ல போய் உக்காந்துக்கிட்டு என்னையும் இப்படி ஆக்கிட்டியேடா.

நேத்து பக்ரீத். அத்தா குடோன்ல மலை மாதிரி தோல் குவிஞ்சு கெடக்கு. உப்புப் போட்டுப் போட்டு கை வெந்து போச்சு. வருசா வருசம் உனக்கு எடுத்து வைக்கிற பிரியாணியை இந்தத் தடவை உங்கப்பா வந்து வாங்கிட்டுப் போனாரு. "அவன் இல்லாட்டி என்ன, நான் திங்க மாட்டேனா?"ன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. ஆனா சட்டி மூடியை மூடிட்டு, மறுபடியும் தொறந்து பாத்துட்டு மூடினாரு.

ஒனக்கு வர்ற லெட்டரை எல்லாம் மொதல்ல ஃபாதர் படிப்பாருன்னு சொன்னேல்ல? ஃபாதர், வணக்கம். ஒங்களுக்காகக் கொஞ்சம் வெவரமாச் சொல்றேன். ஆட்டோகிராஸ்னா காரை இன்னொரு காரோட மோத விடுறது இல்ல ஃபாதர். பெரிய மைதானத்துல ஆரஞ்சுக் கோனை வளைச்சு வளைச்சு வச்சிருப்பாங்க. ஒரு நேரத்துல ஒரு கார்தான். யாரு கொறஞ்ச நேரத்துல சுத்தி வர்றாங்கங்குறதுதான் போட்டி. ஒரு கோன் விழுந்தா ரெண்டு செகண்டு கூடிரும். நானும் பிராங்கும் ஒரே காரை மாத்தி மாத்தி ஓட்டுவோம். அந்தச் சின்னச் செவப்புக் கார் பேரு தும்பி. எண்ணூறு கிலோகூட இருக்காது. இவன் அங்க வந்ததும், இவங்கப்பா அதை எரியோடு ராஜ்கமல் அண்ணனுக்கு வித்துட்டாரு.

இப்ப விசயத்துக்கு வாரேன். ஃபர்ஹீன் அக்கா புக் பண்ணின ஸ்போர்ட்ஸ் செடான் வந்துருச்சுடா! நாலு வீலும் இழுக்குது! மிதிச்சா முதுகு சீட்டுக்குள்ள போயிருது! என்ன, எடைதான் ஆயிரத்தி அறுநூறு. ரெண்டு தும்பி.

கெளம்புற அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல என்ன சொன்னே? "அந்தச் செடானை வச்சு நீ தும்பியைத் தோக்கடிச்சா அன்னைக்கே பெட்டியைக் கட்டிட்டு வந்துர்றேன்"னு சொன்னியா இல்லியா? ஆகஸ்ட் 17, வேடசந்தூர் பக்கம் மூடிக் கெடக்குற நூல் மில்லு யார்டுல போட்டி. ராஜ்கமல் அண்ணன் தும்பியோட வாராரு. நீ அங்கி வாங்குறது செப்டம்பர் 28. அதுக்குள்ள ஒன்னைய வெளிய இழுத்துருவேன், பாத்துக்க.

ஃபாதர், கோவிச்சுக்காதீங்க.

ஒன் கூட்டாளி,
அஸ்பாக்

*

22 ஜூன் 2025

அன்புள்ள அஸ்பாக்,

உன் கடிதத்தை ஃபாதர் இரண்டு முறை படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "கோன் சாயுது, ஆனா விழலைன்னா அதுக்கும் ரெண்டு செகண்டா?" என்று கேட்டார். கோனைச் சுற்றிப் போட்ட கட்டத்துக்குள்ளேயே நின்றால் கணக்கில்லை என்று சொன்னேன். நிம்மதியாகப் போனார்.

நான் நலம். விடியற்காலையில் எழுப்பிவிடுகிறார்கள். எழுந்ததும் கை தானாகத் தலையணைக்கு அடியில் போனைத் தேடுகிறது. முதல் வாரம் ரொம்பச் சிரமமாக இருந்தது. ஒரு நாள் வாசல் கேட் வரை போய்விட்டுத் திரும்பினேன். இதை அப்பாவிடம் சொல்லாதே.

அக்காவின் எருமை வீட்டுக்கு வந்ததில் மகிழ்ச்சி. (இந்த வார்த்தையை அக்காவிடம் காட்டாதே.) மச்சான், வீடியோ பார்த்து ஏமாறாதே. கார் எவ்வளவு கனமாக இருந்தாலும் தரையைப் பிடிப்பது நான்கு உள்ளங்கை அளவு ரப்பர்தான். நேராகப் போகும்போது உன் எருமை தும்பியை மிதித்துவிட்டுப் போகும். ஆனால் வரிசையாகக் கோன்களுக்கு நடுவே இடமும் வலமும் நெளிய வேண்டும் என்றால்? நீ ஸ்டியரிங்கை ஒடித்த பிறகும் அந்த எடை பழைய பக்கமே போய்க்கொண்டிருக்கும். தும்பி திரும்பி முடித்திருக்கும்போது நீ அப்போதுதான் திரும்பவே ஆரம்பித்திருப்பாய்.

பஸ் ஸ்டாண்டில் சொன்னதை மறக்கவில்லை. சொன்னது சொன்னதுதான்.

அன்புடன்,
பிராங்கிளின்

*

திண்டுக்கல்
13 ஜூலை 2025

டேய் பிராங்கு,

கேட் வரைக்கும் போனியா? இன்னும் பத்தடி வச்சிருந்தா பஸ் ஏறிருக்கலாமேடா! சரி விடு. நானே வந்து ஏத்துறேன்.

கம்பெனிக்காரன் சொல்ற எடையை நம்ப மனசு வரல. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுப் பக்கம் ஒரு எடை மேடைக்குப் போனேன். முன்னாடி தக்காளி லாரி, பின்னாடி முருங்கக்கா லாரி, நடுவுல நான். ரூமுக்குள்ள இருந்த அண்ணன் எட்டிப் பாத்து, "ஏனுங்க, என்ன லோடுங்க?"ன்னாரு. "லோடு இல்லண்ணே, காரைத்தான் எடை போடணும்"னேன். "காரை வாங்கறப்பவே எடை போட்டு வாங்கியிருக்கலாமுங்களே"ன்னாரு. லாரி டிரைவரெல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. என்னையும் சேத்து ஆயிரத்தி அறுநூத்தித் தொண்ணூறு.

வீட்டுக்கு வந்து எடையைக் கொறைக்கலாம்னு ஸ்டெப்னி, ஜாக்கி, மேட்டு எல்லாத்தையும் கழட்டினேன். பின் சீட்டுல கை வைக்கிறப்போ அக்கா வந்துருச்சு. "ஏலே, கார்ல ஒரு கோடு விழுந்துச்சு, ஒன் தோலை உரிச்சு அத்தா குடோன்ல உப்புப் போட்டுருவேன்"னுச்சு. சொல்லிட்டு, டயர் காத்து எம்புட்டு வைக்கணும்னு அதுவே ஒரு மணி நேரம் வீடியோ பாத்துச் சொல்லுச்சு. அது நம்ம கட்சிதான்.

ஆத்தூர் ரோட்டுல பிளாட் போட்டு விக்காமக் கெடக்குற எடத்துல பிராக்டிஸ். கோனுக்குப் பதிலா காலிப் பெயிண்டு வாளி. நீ சொன்னது சரிதான்டா. தும்பியை ஓட்டுற மாதிரி கடைசி நொடியில ஒடிச்சேன். கார் "அப்படியா?"ன்னு கேட்டுட்டு நேராப் போகுது. மூணு வாளி அப்பளம். ஒன்னு வீலுக்குள்ள மாட்டிக்கிட்டுக் கத்துன கத்துல, ரெண்டு ஆடு கயித்தை அத்துட்டு ஓடிருச்சு. அந்த ஆட்டுக்கார ஆத்தா வஞ்சதை எழுதினா ஃபாதர் லெட்டரைக் கிழிச்சுருவாரு.

ஆனா நான் விடுறதா இல்ல. தெனமும் குடோன் வேலை முடிச்சுட்டுப் போறேன். இந்தக் கார் கெட்ட கார் இல்லடா. நமக்குத்தான் அதுகூடப் பேசத் தெரியல. நீ இருந்தா கோர்ஸை நடந்து பாத்துட்டு, எங்க புடி, எங்க விடுன்னு சொல்லிருப்பே. நான் எப்பவும் நீ சொன்ன எடத்துல மிதிச்சேன், அம்புட்டுத்தான். இப்ப தனியா நடந்தா எல்லாக் கோனும் ஒரே மாதிரி தெரியுது.

அங்கிருந்தே ஏதாவது சொல்லு. நீ சொல்லி, நான் ஜெயிச்சு, நீ வரணும். எப்படி ஐடியா?

அஸ்பாக்

*

27 ஜூலை 2025

அன்புள்ள அஸ்பாக்,

என்னை வீட்டுக்கு வரவைக்க என்னிடமே யோசனை கேட்கிறாய். உன்னைப் போல் ஒருவன் உலகத்தில் இல்லை.

ஆனாலும் சொல்கிறேன். எல்லாக் கோனுக்கும் முன்னாலேயே பிரேக் பிடி. வழக்கமாகப் பிடிக்கும் இடத்துக்கு ஒரு கார் நீளம் முன்னால். எடை முன் டயருக்கு வந்து உட்கார நேரம் கொடு. அதன் பிறகு திருப்பு. மெதுவாகப் போய் வேகமாக வெளியே வா.

எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பாய். நானும் இப்போது கனமான வண்டி ஓட்டுகிறேன்! இல்லத்தின் பழைய வேன். நடக்க முடியாத பிள்ளைகளைத் தினமும் ஊரிலிருந்து பிசியோதெரபிக்குக் கூட்டிப்போய்க் கூட்டி வர வேண்டும். அதில் முனீஸ்வரி என்று ஒரு பாப்பா. கழுத்து நிற்காது. முன்பு இருந்தவர் ஓட்டும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் அழுவாளாம். நான் முதல் நாள் ஓட்டியபோதும் அழுதாள். பிரேக்கை எங்கே தொடுவது, எப்படி விடுவது என்று இரண்டு வாரம் பார்த்துப் பார்த்து மாற்றினேன். போன வியாழக்கிழமை பாதி வழியில் பின்னால் சத்தமே இல்லை. என்னவோ ஏதோ என்று கண்ணாடியில் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள். மச்சான், நாம் வாங்கிய எந்தக் கப்புக்கும் எனக்கு அப்படி இருந்ததில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு லூசு மாதிரி சிரித்தேன்.

சரி, பந்தயம். ஃபாதரிடம் சொல்லிவிட்டேன். "கொடுத்த வாக்கு உன்னுடையது, நீதான் முடிவு செய்யணும்" என்றார். நீ ஜெயித்தால் வருகிறேன். நீ தோற்க வேண்டும் என்று நான் ஜெபிக்கவில்லை. அது கள்ளாட்டம்.

பத்திரமாக ஓட்டு.

அன்புடன்,
பிராங்கிளின்

*

திண்டுக்கல்
18 ஆகஸ்ட் 2025

பிராங்கு,

நேத்து போட்டி முடிஞ்சது. தோத்துட்டேன். தும்பி ஜெயிச்சுருச்சு. நீ சொன்ன மாதிரி எடைதான் காரணம்.

குடோன்ல வேலை கெடக்கு, வெவரமா எழுத முடியல. நீ ஒன்னும் கவலைப்படாத. நான் நல்லாத்தான் இருக்கேன்.

வேனை விட்றாத. முனீஸ்வரி பாப்பா கழுத்து பத்திரம்.

அஸ்பாக்

*

7 செப்டம்பர் 2025

டேய் அஸ்பாக்,

நீ ஜெயித்தால் எட்டுப் பக்கம் எழுதுவாய். தோற்றால் பன்னிரண்டு பக்கம் எழுதுவாய். டயர் சரியில்லை, வெயில் சரியில்லை, கோன் வைத்தவனுக்குக் கண் சரியில்லை. அரைப் பக்கத்தில் தோற்ற அஸ்பாக்கை நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கே சந்தேகம் வந்தது. ஆனாலும், உண்மையைச் சொல்கிறேன், அதை நம்பத்தான் எனக்கு ஆசையாக இருந்தது. நம்பிவிட்டு மூன்று வாரம் நிம்மதியாக வேன் ஓட்டினேன்.

இன்று காலை அப்பா பார்க்க வந்தார். உட்காரக்கூட இல்லை. "ராஜ்கமல் போன்ல என்னைய என்ன பேச்சு பேசுறான் தெரியுமாலே? தும்பியை யாராலயும் ஜெயிக்க முடியாதுன்னு சொல்லித்தானே தள்ளிவிட்டீங்க, இப்ப அந்தத் தோல் குடோன்காரர் மகன் கல்யாண ஊர்வலத்துக்குப் போற காரை வச்சு அடிச்சுட்டுப் போயிட்டான்னு கத்துறான்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

உன் வாழ்நாளில் ஒரு வெற்றியையாவது நீ வெளியே சொல்லாமல் இருந்திருக்கிறாயா? பள்ளிக்கூடத்தில் சாக்கு ஓட்டத்தில் இரண்டாவது வந்ததையே ஊரெல்லாம் ஸ்டேட்டஸ் போட்டவன். இதை எப்படிடா மூன்று வாரம் உள்ளேயே வைத்திருந்தாய்? யாருக்காக என்று எனக்குத் தெரியும்.

அப்பா போனதும் அறைக்கு வந்து பெட்டியை எடுத்தேன். சொன்ன சொல் இருக்கிறதே. சட்டைகளை மடித்து வைத்தேன். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் மாட்டிவிட்டேன்.

நான் வரவில்லை, மச்சான். நீ பொய் சொன்னதால் நான் தப்பித்ததாக இருக்க வேண்டாம். பந்தயத்தில் நீ ஜெயித்தாய். வாக்கு தவறியது நான். இங்கேயே இருக்கிறேன், இருக்கத்தான் விரும்புகிறேன். இதை உன்னிடம் நேராகச் சொல்ல எனக்கு மே மாதமே தைரியம் இருந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாகப் பந்தயம் கட்டினேன்.

திட்டணும் என்றால் திட்டு. பேசாமல் இருக்கணும் என்றால் இரு. ஆனால் எப்படி ஜெயித்தாய் என்று சொல்லாமல் விடாதே. ஃபாதரும் கேட்கிறார்.

உன்
பிராங்கிளின்

*

திண்டுக்கல்
14 செப்டம்பர் 2025

ஏலே பிராங்கு,

ஒரு நாள் பூரா ஒம்மேல கோவமா இருந்தேன். ஒன் லெட்டரைச் சுருட்டி குடோன்ல உப்பு மூட்டைக்குள்ள எறிஞ்சேன். சாயங்காலம் நானே தோண்டி எடுத்தேன். இப்ப அது கரகரன்னு இருக்கு.

வர மாட்டேங்குறதுக்குக் கோவம் இல்லடா. அது எனக்கு வேன் கதையைப் படிச்சப்பவே தெரியும். தூங்குற புள்ளையைப் பத்தி அப்படி எழுதுறவனை நான் எப்படி இழுத்துட்டு வாரது? மூணு வாரமா வாயை மூடிக்கிட்டு இருந்தேனே, அதுக்குத்தான் கோவம். வயித்து வலியே வந்துருச்சு. அக்காகிட்ட கெஞ்சிக் கூத்தாடி போட்டோ போட வேண்டாம்னு சொல்லி வச்சிருந்தேன். அது "ஒனக்கு என்னலே பேய் புடிச்சிருக்கா?"ன்னு நெத்தியைத் தொட்டுப் பாத்துச்சு.

சரி. இப்ப சொல்றேன், கேளு. ஃபாதர், நீங்களும் உக்காந்துக்கங்க.

மில்லு யார்டுல வண்டியை நிறுத்துறேன். ராஜ்கமல் அண்ணன் சுத்திச் சுத்தி வந்து, "என்ன தம்பி, பொண்ணு மாப்பிள்ளையை எறக்கி விட்டுட்டு நேரா வந்துட்டியா? பூ எங்க?"ன்னாரு. எல்லாரும் சிரிப்பு. அக்கா விடுமா? "பூ ஒங்க வண்டிக்குத்தாண்ணே வாங்கி வச்சிருக்கோம், சாயங்காலம் போடுறோம்"னுச்சு.

மொத ரன். பயம் வேற, ஆசை வேற. பழைய பழக்கத்துல ஒடிச்சேன். நாலு கோன் காலி. கோன் எடுத்து வைக்கிற மார்ஷல் அண்ணன் பொறுக்கிட்டு வந்து, "இதையும் பார்சல் கட்டவா?"ன்னாரு.

ரெண்டாவது ரன், நீ சொன்ன மாதிரி. எல்லாக் கோனுக்கும் முன்னாடியே புடிச்சேன், பூப் போல திருப்பினேன். ஒரு கோன்கூட அசையல. சுத்தமான ரன். தும்பியை விட மூணு செகண்டு பின்னாடி! நீ சொன்னதை அப்படியே செஞ்சு தோத்துக்கிட்டு இருந்தேன்டா. தப்பா எடுத்துக்காத. நீ இந்தக் காரை ஓட்டுனதே இல்ல. தும்பி பிரேக்கை நெனச்சுக்கிட்டு, தூங்குற புள்ளையைப் பின்னாடி வச்சுக்கிட்டு எழுதுனே.

இடைவேளையில எல்லாரும் பிரியாணிப் பொட்டலம் பிரிக்கிறாங்க. நான் செருப்பைக் கழட்டிட்டு கோர்ஸை நடந்தேன். தனியா. வெயில்ல சிமெண்டு சுடுது. ரெண்டாவது சுத்து நடக்கிறப்பதான் பட்டுச்சு. எல்லாக் கோனுக்கும் ஒரே மரியாதை குடுக்குறேன், அதான் தப்பு. நெளியுற எடத்துல தும்பியை நான் இன்னொரு தடவை பொறந்து வந்தாலும் புடிக்க முடியாது. விட்றணும். அங்க தோத்துப் போயிரணும். அதுக்குப் பெறகு ஒரு பெரிய வளைவு, அதைத் தாண்டி மில்லுச் சுவர் ஓரமா நீளமா நேரா ஒரு தடம். அந்த ஒரு வளைவுதான் என் போட்டி.

மூணாவது ரன். நெளியுற எடத்துல கை அவசரப்படுது, விடல. நிதானமாப் போனேன். ராஜ்கமல் அண்ணன் சிரிக்கிற சத்தம் ஹெல்மெட்டுக்குள்ள கேக்குற மாதிரி இருந்துச்சு. வளைவு வந்துச்சு. நேரா இருக்கும்போதே பிரேக்குல ஏறி நின்னேன். மூக்கு கீழ குத்துச்சு, எடை பூரா முன்னாடி வந்து உக்காந்துச்சு. திருப்பினேன். திரும்புச்சுடா! ஆயிரத்தி அறுநூத்திச் சொச்சம் கிலோவும் ஒரே ஆளாத் திரும்புச்சு! சுவர் கண்ணுல பட்டதும் மிதிச்சேன். தும்பியா இருந்தா அந்த எடத்துல சக்கரம் சும்மா சுத்தும். இதுல நாலு வீலும் தரையைக் கவ்வி, என்னையத் தூக்கிட்டுப் போச்சு. கோடு தாண்டி நிறுத்தறேன், அக்கா செருப்பைக் கையில புடிச்சுக்கிட்டு ஓடி வருது. அடிக்கத்தான் வருதுன்னு கதவைப் பூட்டிட்டேன்.

அரை செகண்டு. அரை செகண்டுல தும்பி போச்சு.

பெறகு ஒன்னு நடந்துச்சு. நேரத்தைச் சொன்னதும் கதவைத் தொறந்து ஒன்னையத் தேடினேன். பழக்கம். நீ இல்ல. ஆனா பிராங்கு, அந்த வளைவை நானே கண்டுபுடிச்சேன்டா. யாரும் சொல்லல. அதை ஒங்கிட்ட சொல்லணும்னுதான் மூணு வாரமா வயிறு வலிச்சுச்சு.

நவம்பர்ல கோயம்புத்தூர்ல அடுத்த போட்டி. பெரிய பெரிய ஆளுங்க வாராங்க. பேரு குடுத்துட்டேன். தோத்தா பன்னெண்டு பக்கம் எழுதுறேன், படிக்கிறதுக்குத் தயாரா இருங்க ரெண்டு பேரும்.

28-ஆம் தேதி நானும் அக்காவும் வாரோம். உங்கப்பாவையும் ஏத்திக்கிட்டு வாரேன். நீ அங்கி போட்டு நிக்கிறதைப் பாக்கத்தான் வாரேன், கூட்டிட்டுப் போக இல்ல.

ஒன்,
அஸ்பாக்