பெட்டிக்குள்ளே எவ்வளவு?

மார்ச் 3, செவ்வாய்

என் பேத்தி வாலுவுக்கு முதல் வேலை கிடைத்துவிட்டது. பல் டாக்டரம்மாவின் கிளினிக்கில் காத்திருக்கும் பிள்ளைகளுக்காக ஒரு பொம்மைப் படம் செய்து தர வேண்டும். பல் தேய்க்க அடம்பிடிக்கும் முயலின் கதை. எதிர்வீட்டில் கேட்காமலேயே சொல்லிவிட்டு வந்தேன். கீழ்வீட்டில் இரண்டு தடவை.

மார்ச் 5, வியாழன்

முயல் வாலை ஆட்டுவதற்குள் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிடுகிறது. மெமரி போதவில்லையாம். பழைய கம்ப்யூட்டர்தான், வாலுவின் அப்பா, என் மகன், வாங்கி வந்தது. விற்றவர் பதினாறு ஜிபி என்று சொன்னாராம்.

"நல்லா ஏமாத்திட்டாம்மா. பெட்டியைத் திறந்து பார்த்தா தெரிஞ்சிடும்" என்றான் மகன்.

எப்படித் திறப்பது? தூசி படக் கூடாதென்று நான்தானே பூவேலை போட்டு உறை தைத்தேன். காற்றுக்கு வலைத்துணி வைக்கத் தெரிந்தவளுக்குக் கழற்ற வழி வைக்கத் தெரியவில்லை. நாலு பக்கமும் இறுக்கித் தைத்திருக்கிறேன். மகனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. சிரிக்கட்டும். திங்கட்கிழமை படம் கொடுக்கணுமே! பிள்ளைக்கு வந்த முதல் வேலை, என் தையலால போயிடுமா?

மார்ச் 6, வெள்ளி

கத்தரியோடு போய் உட்கார்ந்தேன்.

"பாட்டி, அதைக் கீழ வை. பூவுல கை வச்சே, அப்புறம் உன்கூட பேச மாட்டேன்."

"பூ பெருசா, வேலை பெருசாடி?"

"ரெண்டும்தான். இங்க வா, திறக்காமலே பார்க்கலாம்."

ஜன்னல் படம் போட்ட பொத்தானையும், பாஸ் (Pause) என்று எழுதிய பொத்தானையும் சேர்த்து அழுத்தச் சொன்னாள். நானே அழுத்தினேன்! திரையில் வந்துவிட்டது: உள்ளே இருப்பது பதினாறு. பயன்படுவது எட்டுக்கும் கொஞ்சம் கீழே.

விற்றவர் பொய் சொல்லவில்லை. பாவம், மகன் அவரை ஏமாற்றுக்காரர் ஆக்கிவிட்டானே!

முன்பு வைத்திருந்தவர் யாரோ, எட்டுக்கு மேல் எடுக்காதே என்று கம்ப்யூட்டர் செட்டிங்கில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் டிக் போட்டு வைத்திருக்கிறார். ஏன் என்று அவருக்கே வெளிச்சம். வாலு தேடிப் பிடித்து டிக்கை எடுத்தாள். அணைத்துப் போட்டு, மறுபடி நான் அழுத்திப் பார்த்தேன். கிட்டத்தட்ட முழுப் பதினாறும் வந்துவிட்டது.

முயல் நிற்காமல் ஓடியது. வாலு என்னைத் தூக்கிச் சுற்றினாள். இறக்கி விடுடி, இடுப்பு!

மார்ச் 9, திங்கள்

கொடுத்தாயிற்று.

மார்ச் 12, வியாழன்

கிளினிக்குக்குப் போனேன். வீட்டில் சொல்லவில்லை. முறைப்படி டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். வீறிட்டு அழுத ஒரு வாண்டு, முயல் நுரையைத் துப்பியதும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. பக்கத்தில் இருந்த எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், யார் செய்ததென்று.

அதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"எந்தப் பல்லும்மா வலிக்குது?" என்றார் டாக்டரம்மா.

"ஒண்ணும் வலிக்கல டாக்டரம்மா. படம் பார்க்க வந்தேன்."